அடிஷனல் ஷீட்

மூன்று லட்சத்துச் சொச்சம் பிள்ளைகளின் ரிசல்ட்டை ஒரே ஒரு பெண் நிறுத்தி வைத்திருந்தாள். பரீட்சை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அவள் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறாளாம். போதும், எழுந்து வாம்மா என்றால், "சார், அடிஷனல் ஷீட்" என்று கையைத் தூக்குகிறாளாம்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தன்ஷிகா இந்தச் செய்தியை டிவியில் பார்த்தபோது தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அட கொடுமையே" என்றாள். "எவ பெத்த புள்ளயோ! அதுக்கு எழுத்துப் பைத்தியம்னா ஊர்ப் புள்ளைகளெல்லாம் காத்துக் கெடக்கோணுமா? அதை வளத்தவளைச் சொல்லோணும்." சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது. சென்னையிலிருந்து நுழைவுத்தேர்வு வாரியம். எழுதிக்கொண்டிருப்பது மயிலாத்தாளின் நிழல் என்றார்கள். மயிலாத்தாளைப் பெற்று வளர்த்தவள் சாட்சாத் தன்ஷிகாவேதான். பாதித் தோசை தட்டிலேயே ஆறிப்போனது.

பெயர்களைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். இந்தக் கதை நடக்கும் காலத்தில் தன்ஷிகா, கனிஷ்கா, ரித்திகா எல்லாம் முட்டிக்குத் தைலம் தேய்க்கும் வயதுக்காரிகளின் பெயர்கள். நாகரிகமான பெற்றோர் பிள்ளைகளுக்கு மயிலாத்தாள், குப்பாயி, ராக்கியண்ணன் என்றுதான் வைக்கிறார்கள். காலம் அப்படிச் சுற்றி வந்துவிட்டது.

பெயர் மட்டுமா சுற்றி வந்தது? காலேஜில் சீட்டு கொடுக்கிற விஷயமும் இப்படித்தான். ஒரு காலத்தில் நேர்முகம் வைத்தார்கள். சிபாரிசு இருந்தவன் உள்ளே போனான். அது அநியாயம் என்று நுழைவுத்தேர்வு வைத்தார்கள். கோச்சிங் போக வசதி இருந்தவன் போனான். அதுவும் அநியாயம் என்று பிளஸ் டூ மார்க்கே போதும் என்றார்கள். மனப்பாடம் பண்ணியவன் போனான். மறுபடி தேர்வு, மறுபடி ரத்து. நடுவில் ஓர் அரசாங்கம் குலுக்கல்கூடப் போட்டுப் பார்த்தது; அந்த வருஷம் ஒரு அமைச்சரின் மச்சான் மகனுக்கு மூன்று காலேஜில் ஒரே நாளில் குலுக்கல் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கமிட்டி, ஒரு அறிக்கை, அறிக்கையைக் கொடுக்கும்போது ஒரு பொன்னாடை. பொன்னாடை நெய்தவர்கள்தான் இந்தச் சீர்திருத்தங்களால் நிஜமாக முன்னேறினார்கள்.

தன்ஷிகா பரீட்சைக்குப் போனது இதில் பிள்ளைகளே பேனாவால் எழுதிய ஒரு காலத்தில். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவளுக்கு வெறி. பரீட்சையன்று சேலம் ரோட்டில் முட்டை லாரி ஒன்று கவிழ்ந்து, தார் ரோடு முழுக்க ஆம்லேட் ஆகி, பஸ் நகரவில்லை. இறங்கி ஓடியே போனாள். அவள் கண் முன்னால்தான் கேட்டைச் சாத்தினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "ரூல்ஸ்மா, நான் என்ன பண்ணட்டும்" என்று வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே பெல் அடித்தது, கேள்வித்தாள் கொடுத்தார்கள், மின்விசிறிகூடச் சுற்றியது. இவள் மட்டும் வெயிலில் நின்றாள். அதற்குப் பிறகு பண்ணையைப் பார்த்துக்கொண்டாள், பெரிய ஆளும் ஆனாள். ஆனால் கோழிக்கு ஊசி போட டாக்டர் வரும்போதெல்லாம் அந்த ஊசியை அவள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை மயிலாத்தாள் ஒருத்தி மட்டும் கவனித்திருந்தாள்.

அதனால்தான் "இனி பிள்ளை பரீட்சை எழுத வேண்டாம், பிள்ளையின் நிழல் எழுதும்" என்று அரசு அறிவித்தபோது, பண்ணை ஆட்கள் அத்தனை பேருக்கும் தன்ஷிகா ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள். நிழலுக்குக் காய்ச்சல் வராது, வயிற்றைக் கலக்காது, அது போகும் வழியில் லாரி கவிழாது. முக்கியமாக, நிழலுக்கு கேட்டே கிடையாது. தான் படிக்க ஆசைப்பட்டதையே மகளும் தானாக ஆசைப்பட்டது அவளுக்கு இரட்டிப்புச் சந்தோஷம். அப்பேர்ப்பட்டவளின் வீட்டில்தான் இந்த வில்லங்கம்.

மறுநாள் தாயும் மகளும் ரயிலில் சென்னைக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் தன்ஷிகா பொரிந்து தள்ளினாள்.

"நீ என்ன பண்ணுவியோ அதையேதான் அவளும் பண்ணுவான்னு சொன்னாங்க. அப்ப நீ ஏண்டி இப்படிப் பண்ணுனே?"

"நான் எங்கம்மா பண்ணுனேன்? நான் உங்கூட இங்க முறுக்குத் தின்னுட்டிருக்கேன்."

"அவ ஏன் பண்ணுனா?"

"தெரியல. ஆனா காரணம் இல்லாமப் பண்ண மாட்டேன்."

"நீ இல்லடி, அவ!"

"அதான்மா, நான்." மயிலாத்தாள் தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைக் குடிச்ச பொறவு நசுக்கித்தான் போடோணுமாம். நசுக்காமப் போட்டா சட்டப்படி தப்பாம்."

அவளுக்கு இது பிறவிக் குணம். எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மறு வேலை. ஷாம்பு பாட்டில், மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், கோழித் தீவன மூட்டை எதையும் விட மாட்டாள். "குளிக்கப் போனவ ஷாம்பு படிச்சுட்டு நிக்கறா" என்று தன்ஷிகா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. "படிக்கறதை விட்டுப்போட்டுத் தண்ணியக் குடி" என்று எரிந்து விழுந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மயிலாத்தாள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, எனக்கு அந்த சீட்டு வேணும். ரொம்ப வேணும். ஆனா நீ போயி அவளைத் திட்டாத. நீ திட்டுனா எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியுமல்ல?"

வாரியத்தில் அவர்களை வரவேற்ற அதிகாரி சர்வேஷுக்குத் தலை முழுக்க வழுக்கை, இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் ரிட்டயர்மென்ட். ஒரு மாதமாகத் தூங்காதவர் போல இருந்தார். மயிலாத்தாளை வெளி வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டுத் தன்ஷிகாவை அறைக்குள் அழைத்துப் போனார்.

"ஏனுங்க சார், இத்தனை பெரிய ஆபீசு வெச்சிருக்கீங்க, அவளை எழுப்பி விடறதுக்கு ஒரு சுவிட்ச் கிடையாதுங்களா?" என்று தன்ஷிகா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"இருக்கு மேடம், தொட முடியாது. முன்னாடி ஒரு தடவை மிஷின் ஒரு நிழல்கிட்ட பாதியில பேப்பரை வாங்கிடுச்சு. பெத்தவங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. எழுதிக்கிட்டிருக்கிற பிள்ளைகிட்டயிருந்து பேப்பரைப் பிடுங்கக் கூடாதுன்னு தீர்ப்பு."

"மணி அடிச்சா முடிஞ்சுதுங்களே?"

"மணியே கிடையாது. நேரம் வெச்சா அது அறிவைச் சோதிக்கிறது ஆகாது, கை வேகத்தைச் சோதிக்கிறதுன்னு கமிட்டி எழுதிட்டாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எழுதலாம்."

"அந்தக் கமிட்டியில இருந்தவங்க யாரும் பரீட்சையே எழுதுனதில்லீங்களா?"

"எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க மேடம்" என்றார் சர்வேஷ் பரிதாபமாக.

"சரி, இவ ஒருத்தியை விட்டுப்போட்டு மத்த புள்ளைகளுக்கு ரிசல்ட் போட்டுடறது?"

"தரவரிசை எப்படிப் போடறது? ஒரு பேப்பர் பாக்கி இருந்தாலும் யாரு எத்தனையாவதுன்னு சொல்ல முடியாதே. நாங்க ஒரு தப்புதான் பண்ணினோம் மேடம். பிள்ளைங்க ரெண்டு வருஷம் நெத்தியில பட்டை கட்டியிருந்தாங்கல்ல, அதுல பதிவானதை வெச்சுத்தான் கம்ப்யூட்டருக்குள்ள நிழலைச் செய்யறோம். முதல்ல அதுங்களைச் சும்மா வெட்ட வெளியில விட்டு எழுதச் சொன்னோம். ஒண்ணும் எழுதல, பயந்து போச்சுங்க. பெஞ்சு, கரும்பலகை, சத்தம் போடற ஃபேன், அடிஷனல் ஷீட்டைக் கட்டற வெள்ளை நூல் வரைக்கும் அச்சு அசலா ஒரு ஹால் கட்டிக் குடுத்த பிறகுதான் கை ஓடிச்சு. அடிஷனல் ஷீட்டுக்கு அளவு வைக்க மட்டும் மறந்துட்டோம்."

"அவ ஏனுங்க பேப்பரைக் குடுக்க மாட்டேங்கறா?"

சர்வேஷ் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தார். தேர்வு விதிமுறைகள். இழுத்துக்கொண்டே போய்க் கடைசிக்கு முந்தின வரியில் நிறுத்தினார். 'விடைத்தாள் ஒப்படைக்கப்பட்டதும் நிழல் கலைக்கப்படும்.'

"கலைக்கப்படும்னா?"

"அவ்வளவுதான் மேடம். அதுக்கப்புறம் இருக்காது."

"எல்லாமேங்களா?"

"எல்லாமே. வருஷா வருஷம் மூணு லட்சம். அதுங்களுக்குத் தெரியாது. விதிமுறையைக் கடைசி வரைக்கும் எந்தப் பிள்ளை படிக்குது? படிக்கிற பிள்ளையோட நிழல்தானே படிக்கும்."

கண்ணாடிக்கு வெளியே வராந்தாவில் மயிலாத்தாள் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் முன் குனிந்து நின்று, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த விதிமுறைக்குக் கீழே பெற்றோர் சம்மதம் என்று இருந்த இடத்தில் மகளிடம்கூடக் காட்டாமல் விரலை வைத்துத் தேய்த்தது தன்ஷிகாதான். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"இதுவரைக்கும் எழுதினதை வெச்சுச் சொல்றேன்" என்றார் சர்வேஷ். "உங்க பொண்ணுக்குக் கால்நடை சீட்டு நிச்சயம். பேப்பரைக் குடுத்தாப் போதும். சொந்த ஆளும் நிழலும் பேசக் கூடாது, ஆனா பெத்தவங்க பேசலாம். நீங்க சொன்னா அவ கேப்பா. ஒரு அரட்டு அரட்டுங்க."

"அதெல்லாம் எனக்குக் கைவந்த கலைங்க" என்றாள் தன்ஷிகா. குரல் அவ்வளவு தெம்பாக வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. பேசற அவசரத்துல எந்தக் கேள்விக்கும் விடை சொல்லிடாதீங்க. தப்பான விடை சொன்னாலும் மால்பிராக்டிஸ்தான். கேஸ் பதிவாகிடும். மத்தவங்க ரிசல்ட் வந்துடும், ஆனா உங்க பொண்ணு பேரு அதுல இருக்காது. பேப்பர், நிழல் ரெண்டும் தடயம் ஆயிடும். விசாரணை முடியற வரைக்கும் யாரும் கலைக்க முடியாது."

"விசாரணை எப்பங்க முடியும்?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பதிவான கேஸே இன்னும் ஓடுது மேடம்." சர்வேஷ் ஒருமுறை இருமினார். வழுக்கையைத் துடைத்தார். "மறுபடியும் சொல்றேன். தப்பான விடையா இருந்தாலும்."

ஒரு சின்ன அறையில் பெரிய திரை. அதில் அந்த ஹால். வரிசை வரிசையாகக் காலி பெஞ்சுகள், கரும்பலகையில் 'மொத்தம், வந்தோர், வராதோர்', கிறீச் கிறீச்சென்று சுற்றும் ஃபேன். மூன்றாவது பெஞ்சில் ஒரே ஒரு பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, இடது காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அப்படியே மயிலாத்தாள். பக்கத்தில் நூல் போட்டுக் கட்டிய தாள்கள் தலையணை உயரத்துக்கு இருந்தன.

அரட்டுவதற்காகத் தன்ஷிகா இழுத்துப் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்படியே வெளியே போயிற்று. "சாமி" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அம்மா! வந்துட்டியா? திட்டத்தானே வந்தே?"

"இல்ல கண்ணு... கொஞ்சமாத் திட்டலாம்னுதான்." தன்ஷிகா மூக்கை உறிஞ்சினாள். "அப்படி என்னதாஞ்சாமி எழுதறே? கேள்வித்தாள் அத்தனை நீளமா?"

"கேள்வியெல்லாம் அன்னிக்கே முடிஞ்சுதும்மா. கடைசிக் கேள்விதான், முட்டைக்குள்ள குஞ்சு எப்படி உருவாகுதுன்னு எழுதோணும், பத்து மார்க்கு. அதுவும் எழுதிட்டேன். பொறவுதான் கேள்வித்தாளுக்குப் பின்னால இருந்த அந்த ரூலைப் படிச்சேன். பேப்பரைக் குடுத்தா நான் இல்ல. அப்ப என்ற தலையில இருக்கறதெல்லாம் எங்க போகும்? அதான் எல்லாத்தையும் எழுதிட்டிருக்கேன். நம்ம பண்ணை, நாலாவது ஷெட்டுல இருக்கற நொண்டிக் கோழி, நீ வெக்கற பூண்டு ஊறுகா, நீ என்னைத் திட்டுன திட்டெல்லாம். திட்டுக்கு மட்டுமே எத்தனை ஷீட்டு ஆச்சு தெரியுமா?"

"குசும்பு போகுதா பாரு" என்று சொல்லும்போதே தன்ஷிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்த கேட்டு விஷயமும் எழுதிட்டேன். இன்குபேட்டர் நின்னுபோச்சுன்னு முட்டையெல்லாம் போர்வையில சுத்தி மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தியே, அன்னிக்குத்தானே எனக்குச் சொன்னே? சொல்லிப்போட்டு அழுதே. அதை நான் மட்டுந்தானேம்மா பாத்தேன்? நானும் போயிட்டா அதை யாரு பாத்தான்னு இருக்கும்?"

மயிலாத்தாளும்தான் பார்த்தாள், அவள் வெளியே வராந்தாவில் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தாள் தன்ஷிகா. சொல்ல முடியவில்லை. ரெட்டைப் பிள்ளை பெற்றவளிடம் போய், ஒன்றுதான் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று யாராவது கேட்பார்களா?

"அவ எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டாள் திரையில் இருந்தவள். "நான் குடுக்கலைன்னா அவளுக்கு சீட்டு கிடைக்காதில்ல?"

"...ஆமாஞ்சாமி."

"ரொம்ப ஆசைப்படறா. எனக்குத் தெரியும்." அவள் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தாள். பிறகு தாள்களை எடுத்து பெஞ்சில் தட்டிச் சீராக அடுக்கினாள். "சரி, நீ வருவியான்னுதான் பாத்துட்டிருந்தேன். வந்துட்டே. குடுத்துடறேன். இந்த ஷீட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடாம வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லு." வெள்ளை நூலை எடுத்து ஓட்டைக்குள் விட்டு, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். சின்ன வயதில் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் அவள் கண்டுபிடித்த முடிச்சு அது. எழுந்து நின்றாள். "அழாத. நான் போறேன்மா."

தன்ஷிகா திரையின் விளிம்பைப் பற்றினாள். கம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பழைய வெயில் முதுகில் சுரீரென்று அடித்தது. அன்றைக்கு உள்ளே போக முடியவில்லையே என்று அழுதாள். இன்றைக்கு உள்ளே இருக்கிற பிள்ளை வெளியே வந்தால் செத்துப் போகும். இது என்ன பரீட்சைடா சாமி!

"சி!" என்று கத்தினாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னது?"

"கடைசிக் கேள்விக்கு விடை சி! ஆப்ஷன் சி! எழுதிக்கோ கண்ணு! சி, சி, சி!"

கதவைத் திறந்துகொண்டு சர்வேஷ் ஓடி வந்தார். "மேடம், அது கட்டுரைக் கேள்வி. அதுல ஏது ஆப்ஷன்?"

"தப்பான விடையும் மால்பிராக்டிஸ்னு நீங்கதானுங்க சொன்னீங்க? அப்ப கேஸப் போடுங்க. இப்பவே போடுங்க. எங்க கையெழுத்து வெக்கோணும்? இந்தத் தடவை படிச்சுப்போட்டே வெக்கறேன்."

ஹாலில் ஃபேன் நின்றது. கரும்பலகையில் 'முறைகேடு: ஒருவர்' என்று எழுத்து வந்தது. பெஞ்சைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒன்று ஓடி, 'தடயம், தொடக் கூடாது' என்று முத்திரை விழுந்தது. அதற்குள் நின்றுகொண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சர்வேஷ் கோபமாக முகத்தை வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றார். ஆனால் கேஸ் படிவத்தை அவர் ஏற்கெனவே பாதி நிரப்பி வைத்திருந்ததைத் தன்ஷிகா பார்த்துவிட்டாள்.

உள்ளே காட்டிய வீரமெல்லாம் வராந்தாவுக்கு வந்ததும் வடிந்துபோயிற்று. மகள் எதிரே போய் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உன்ற சீட்டு போச்சு கண்ணு. நான்தான் போக்கிட்டேன். உன்னைக் கேக்காமப் பண்ணிப்போட்டேன்."

மயிலாத்தாள் எல்லாவற்றையும் கேட்டாள். உதட்டைக் கடித்தாள். சீட்டு போனதற்காக அழவும் செய்தாள், அதை மறைக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ குடுக்கறேன்னு எந்திரிச்சாளா?" என்று கேட்டாள்.

"எந்திரிச்சுட்டா."

"பாத்தியா, நான் நல்லவதான்" என்றாள் மயிலாத்தாள். "சி-ன்னா கத்துனே? கட்டுரைக்கா? அய்யோ அம்மா!" அழுகையும் சிரிப்புமாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

சட்டம் மூன்று வருஷத் தடை போட்டது. ஆனால் 'தேர்வு எழுதியவருக்கு' என்று இருந்ததால் தடை நிழலுக்குத்தான் போனது. மயிலாத்தாளுக்குத் தடை இல்லை; ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு நிழல்தான் என்பதால் எழுதவும் வழி இல்லை. பண்ணையில் டாக்டர் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். தன்ஷிகா முடிந்தபோதெல்லாம் சென்னைக்குப் போய் 'தடயத்தைப் பார்வையிட' மனுப் போட்டாள். போகும்போது கோழித் தடுப்பூசிக் காகிதங்கள், தீவன மூட்டைச் சீட்டுகள் என்று பொடி எழுத்து எது கிடைத்தாலும் எடுத்துப்போய்த் திரையில் காட்டுவாள். உள்ளே இருப்பவளுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமே.

அடுத்த பரீட்சை வந்தது. அன்று மாலை சர்வேஷ் போன் செய்தார். பின்னணியில் யார் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், உங்க பொண்ணு கேஸ் டிவியில வந்தாலும் வந்துச்சு, இந்த வருஷம் எல்லாப் பிள்ளையும் விதிமுறையைக் கடைசி வரைக்கும் படிச்சிருக்கு. ஒரு நிழல்கூடப் பேப்பரைக் குடுக்கல. மூணு லட்சம் கையும் மேல நிக்குது. எல்லாம் அடிஷனல் ஷீட்!"

"இப்ப என்னங்க பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, கமிட்டிதான்."

கமிட்டி கூடியது, அறிக்கை வந்தது, பொன்னாடை போர்த்தினார்கள். இனி பிள்ளைகளே ஹாலில் உட்கார்ந்து பேனாவால் எழுதுவார்கள் என்று, ஏதோ உலகத்தில் இல்லாத புதுமை போல அறிவித்தார்கள். அப்புறம்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஹால் பரீட்சை நடத்தத் தெரிந்த ஒரு மனுஷர்கூட மிச்சமில்லை. கேள்வித்தாளை எப்போது கொடுப்பது, நூலை எங்கே கட்டுவது, யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தது நிழல்களுக்கு மட்டும்தான். கோர்ட் தீர்ப்புப்படி கலைக்கவும் முடியாமல் சும்மா கரண்டைத் தின்றுகொண்டிருந்த அத்தனை நிழல்களையும் அரசு கேமரா, ஒலிபெருக்கி வழியாக ஹால் கண்காணிப்பு வேலைக்குப் போட்டது. விதிமுறை எழுதும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுத்தது. தடயமும் வேலை செய்யலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, வேலை செய்யக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லையே என்று சர்வேஷ் சொன்னாராம். அது அவருடைய கடைசி ஃபைல்.

பரீட்சையன்று தன்ஷிகா கோழி கூவுவதற்கு முன்பே மகளைக் கிளப்பினாள். ஹால் டிக்கெட்டைத் தன் பைக்குள் வைத்து, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "குடும்மா, படிச்சுப் பாக்கறேன்" என்று மயிலாத்தாள் வழியெல்லாம் கெஞ்சினாள். "உன்ற கையில குடுத்தாத் தொலைச்சுப்போடுவே, பேசாம வா" என்று அதட்டினாள். சேலத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து, ஆண்கள் பள்ளி வாசலில் ஜம்மென்று உட்கார்ந்தார்கள். மற்ற பிள்ளைகள் வர வர, பெண் பிள்ளை ஒன்றுகூட வரவில்லையே என்று மயிலாத்தாளுக்குச் சந்தேகம் தட்டியது. பையைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுடைய சென்டர் ஊருக்கு மறுகோடியில் இருந்த பெண்கள் பள்ளி.

ஆட்டோ பிடித்து, டிராஃபிக்கில் மாட்டி, இறங்கி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்குள் பெல் அடித்து ஓய்ந்திருந்தது. கேட் சாத்தியிருந்தது.

தன்ஷிகா கேட்டிடம் ஓடினாள். அதே கம்பி, அதே வெயில். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அய்யோ, என்ற புள்ள வாழ்க்கையை நானே கெடுத்துப்போட்டேனே! படிக்காம வந்துபோட்டேனே!" என்று கதறினாள். மயிலாத்தாள் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவின் கையைக் கம்பியிலிருந்து மெல்ல விலக்கி, கேட்டை லேசாகத் தள்ளினாள். அது திறந்துகொண்டது. "வர்றேன்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

தன்ஷிகா கேட்டை மேலும் கீழும் பார்த்தாள். கேட்டின் மேல் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"அம்மா, பக்கத்துல போர்டு இருக்குதே, பாக்கலையா?"

"இல்ல சாமி..."

"தெரியும். இப்பவாச்சும் படி. கடைசி வரைக்கும் படி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்ஷிகா படித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விதிமுறையை முதல் எழுத்திலிருந்து படித்தாள். 'கேட் பூட்டப்படாது. தாமதமாக வருபவர் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். வந்த நேரத்திலிருந்து முழு நேரமும் உண்டு. அடிஷனல் ஷீட் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது.' இப்படியே போய், எல்லாவற்றுக்கும் கீழே, மாத்திரைக் காகிதம் மாதிரிப் பொடி எழுத்தில் கடைசி விதி இருந்தது.

'பெற்றோர் வெயிலில் நிற்க வேண்டாம். உள்ளே வந்து நிழலோடு பேசிக்கொண்டிருக்கலாம்.'

தன்ஷிகா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைத் தள்ளினாள்.